இன்றைக்கு என்ன வாசிப்பார்களோ

நியூ ஜெர்சி எடிசனில் ரயில் ஏறி நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்கினால் போதும், மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் தலைக்கு மேலேயே இருக்கிறது. டிசம்பர் 30. பெட்டியில் நிறையப் பேர் சட்டையில் சிவப்பு வளையங்கள் அச்சாகியிருந்தன. என்னவென்று எதிரில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "ஃபிஷ்மேன் கவுன் துணி!" என்றார். இன்றைக்கு வாசிக்கப்போகும் ஃபிஷ் (Phish) ராக் குழுவின் ட்ரம்மர் ஜான் ஃபிஷ்மேன் அந்த கவுனைப் போட்டுக்கொண்டுதான் மேடையேறுவார். சில ராத்திரி வாக்குவம் க்ளீனர் குழாயை வாயில் வைத்து அதையும் ஒரு வாத்தியமாக்கிவிடுவாராம்.

ஃபிஷ் 1983ல் வெர்மான்டில் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த குழு. ட்ரே அனஸ்டாசியோ கிடார், மைக் கார்டன் பேஸ், 1985ல் சேர்ந்த பேஜ் மெக்கானல் கீபோர்டு. ஊரெல்லாம் முணுமுணுக்கும் ஹிட் பாட்டு எதுவும் இவர்களிடம் இல்லை. ஆனாலும் 1994ல், இதே டிசம்பர் 30ல், முதல் தடவையாக இங்கே வாசித்தவர்கள் இன்னும் அரங்கை நிரப்புகிறார்கள். ஃபங்க், ஜாஸ், புளூகிராஸ் எல்லாம் ஒரே ராத்திரியில் வரும். சில நாள் வாத்தியங்களை வைத்துவிட்டு நாலு பேரும் சேர்ந்து வெறுங்குரலில் பாடுவார்களாம்.

எனக்குப் பக்கத்து இருக்கையும் அதே பெரியவருடையதுதான். மடியில் சின்ன நோட்டு. பாட்டு ஆரம்பித்ததும் பேரை எழுதி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் குறித்தார். 2017 கோடையில் இதே அரங்கில் 13 நிகழ்ச்சிகள், மொத்தம் 237 பாட்டு, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. அதில் ஐந்து ராத்திரி அவர் இருந்திருக்கிறார். "எல்லா நாளும் கூடிவராது. கூடிவருகிற அன்றைக்கு நாம் இங்கே இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

இரண்டாம் பாதியில் கூடிவந்தது. தெரிந்த மெட்டு மெல்லக் கரைந்தது. கிடார் ஒரு சின்னப் பிடியையே திரும்பத் திரும்பச் சுற்ற, பேஸ் சத்தமில்லாமல் வேறு ஸ்வரத்துக்கு நகர்ந்தது. மற்றவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். கச்சேரியில் கல்யாணி கேட்டவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும்: ராகம் தெரியும், இன்றைக்கு எந்த வழியாகப் போவார் என்றுதான் தெரியாது. மேலே, குழுவுக்கு மேடை விளக்கு அமைக்கும் கிறிஸ் குரோடாவின் விளக்குகளும் சேர்ந்து வாசித்தன. ஒரு கட்டத்தில் எல்லாரும் குதித்ததில் காலுக்கடியில் சிமெண்ட் தரையே ஊஞ்சல் மாதிரி அசைந்தது. முதலில் பயந்தேன். அப்புறம் நானும் குதித்தேன்.

ரசிகர்கள் மைக் ஸ்டாண்ட் நட்டுப் பதிவு செய்ய இந்தக் குழு ஆரம்பக் காலத்திலிருந்தே அனுமதிக்கிறது. அந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான் நானே இங்கே வந்தேன். ஆனால் தரை அசைவதை எந்தப் பதிவிலும் கேட்க முடியாது.

விளக்கு வந்ததும் பெரியவர் நோட்டைக் காட்டினார். இரண்டாம் பாதி மொத்தமும் ஆறே வரி. மூன்றாவதின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

வாக்குவம் க்ளீனரை அன்று ஃபிஷ்மேன் எடுக்கவில்லை. ரயிலில் உட்கார்ந்ததுமே 31க்கு டிக்கெட் இருக்கிறதா என்று போனில் தேட ஆரம்பித்தேன்.