மழை என்று பேருள்ள காசு

செப்டம்பர் 26, சங்கரன்கோவில்

பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் என் பெயருக்கு நடுவே 'ஒய்' என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து கூடுதலாக நிற்கிறது. ஆறு வருஷமாக பீரோவில்தான் கிடந்தது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் அந்த ஒய் இல்லை. போட்ஸ்வானாவுக்குள் குழந்தையைக் கூட்டிப்போக, தாய் தகப்பன் இரண்டு பேர் பெயரும் உள்ள சான்றிதழைக் காட்ட வேண்டும். அதோடு, கூட வராதவரின் சம்மதப் பத்திரமும். பாப்பாவின் அப்பா அந்த நாட்டுத் தலைநகர் கபரோனியிலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இந்த ஒய்தான் போகமாட்டேன் என்கிறது. மூன்று நாளாக அலைகிறேன். இன்று ஆபீஸுக்குப் போனால் "சாப்பிடப் போயிருக்காங்க." மணி நாலு.

அக்டோபர் 5, ரயிலில்

ஒய் ஒழிந்தது. பொதிகையில் வந்து தாம்பரத்தில் இறங்கி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இரண்டு பேரும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டோம். போகிற ஊருக்காக இல்லை, நடுவில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறோமே, அதற்காக. பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். அப்புறம் ஆயுசுக்கும் போதுமாம். மஞ்சள் அட்டையைப் பாப்பா கையை விட்டுக் கொடுக்கவில்லை.

ஆச்சியிடம் போனில் சொன்னேன். "எங்க அய்யா இலங்கைக்குப் போறப்ப மண்டபம் கேம்ப்ல நிறுத்திவச்சுத்தான் ஊசி போட்டாவளாம். துணிமணியெல்லாம் அவிச்சுக் குடுத்தாவளாம். உனக்கு அவிச்சாவளா?" இல்லை ஆச்சி என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு.

அக்டோபர் 19, சங்கரன்கோவில்

நேற்று ஐப்பசி பிறந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. (மாவட்டம் இப்போது தென்காசி. யாராவது கேட்டால் வாயில் வருவதென்னவோ திருநெல்வேலிதான்.) அப்பா மானாவாரிக் காட்டை உழுதுபோட்டுவிட்டு, உளுந்து விதையை வீட்டில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருக்கிறார்.

ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. பருத்திக் கடை தராசில் ஏற்றி ஏற்றி இறக்கினோம். கிரைண்டரே கல்லோடு 12 கிலோ. அங்கேயும் 230 வோல்ட்தான், ஓடும். உடன்குடிக் கருப்பட்டி, மிளகுவத்தல், சுண்டவத்தல், இட்லிப்பொடி. அல்வா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா கேட்கவில்லை.

பெட்டியை மூடும்போது சேலை மடிப்புக்குள் ஏதோ உருண்டது. அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சின்ன முடிச்சு, நூல் சுற்றி இறுக்கியிருந்தது. பிரித்தால் முருங்கை விதை ஒரு கை. சிறகு கூட உதிராமல் இருந்தது. விதை, செடிக்கெல்லாம் அங்கே முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றேன். "விதைக்கு என்னத்த சீட்டு?" என்றாள். வெளியே எடுத்து வைத்தேன். இரவு படுக்கும் முன் இன்னொரு தடவை பெட்டியைத் தடவிப் பார்த்தேன். அம்மாவை நம்ப முடியாது.

அக்டோபர் 22, அடிஸ் அபாபா

மும்பையிலிருந்து ஐந்தரை மணி நேரம். பாப்பா முழுக்கத் தூங்கினாள், நான் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. டீக்கடைப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். நாம் காலை ஏழு என்பதை இவர்கள் ஒரு மணி என்கிறார்களாம். விடிந்ததிலிருந்துதான் கணக்கு. வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். ஆச்சியும் பொழுதை அப்படித்தான் எண்ணுவாள், விடிஞ்சு இத்தனை நாழிகை என்று.

அக்டோபர் 23, கபரோனி

குடியேற்ற அதிகாரி சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் பெயரில் எழுத்துக்கு எழுத்து விரலை நகர்த்தினார். விரல் நடுவில் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். முத்திரை விழுந்தது. "டுமேலா, ம்மா" என்றார். காதில் அம்மா என்றே விழுந்தது. பெண்ணுக்கு வணக்கம் சொன்னால் 'ம்மா' சேர்ப்பது இங்கே மரியாதையாம். ஆணுக்கு 'ர்ரா'.

வெளியே அவர் நின்றார். மெலிந்திருக்கிறார். பாப்பா ஒரு நிமிஷம் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதைப் பற்றி எழுத வரவில்லை.

அக்டோபர் 29

வெயில் நம்மூர்ச் சித்திரையேதான். இங்கேயும் மழைக்காலம் இனிமேல்தான். காசுக்குப் பேர் புலா. இங்கே பேசும் செட்ஸ்வானா பாஷையில் புலா என்றால் மழை. 1976 வரை தென்னாப்பிரிக்காவின் ராண்டை வைத்திருந்தவர்கள், சொந்தமாகக் காசு அடித்தபோது இந்தப் பேரை வைத்தார்கள். சில்லறைக்குத் தெபே, அப்படியென்றால் கேடயம். நாட்டுச் சின்னத்தில் எழுதியிருப்பதும் புலாதான்.

அம்மாவிடம் சொன்னேன். "நாம இங்க மழைக்குக் காத்துக் கெடக்கோம், அங்க துட்டுக்கே அந்தப் பேரா? வெவரமானவன்தான்." கடையில் மபேலே என்று ஒரு பொட்டலம் பார்த்தேன். பிரித்தால் சோள மாவு. கஞ்சியாகக் கிண்டினால் போகோபே. சின்ன வயசில் சோளச்சோறு தின்று அலுத்தவள் அம்மா. "ரேஷன் அரிசி வந்தப்பதான் விட்டோம். அதுக்கா அத்தன தூரம் போன?"

நவம்பர் 11

மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் தகரக் கூரையில் கல் எறிவது மாதிரி நாலு சொட்டு, அப்புறம் கொட்டித் தீர்த்தது. துணி எடுக்க ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மா தாழ்வாரத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டி "புலா! புலா!" என்று கத்தினார்.

பாப்பா உள்ளே ஓடினாள். உண்டியலைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. வரிக்குதிரை போட்ட ஒரு புலா காசோடு நனைந்துகொண்டே வேலியோரம் போய், அந்த அம்மாவிடம் நீட்டினாள்.