எடை கூட்டும்போது தராசு ஏன் ஏறி இறங்குகிறது?

ஞாயிறு மதியம் பிரியாணி, இரவு மீ கோரெங். திங்கள் காலை தராசில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருக்கும். புதன்கிழமை அதில் பாதிக்கு மேல் காணோம். உடம்பு தேறட்டும் என்று அக்கறையாகச் சாப்பிடுபவர்கள் மனம் விட்டுப்போவது இந்தப் புதன்கிழமைகளில்தான்.

கூடியதும் சதையில்லை, குறைந்ததும் சதையில்லை. சோறு, நூடல்ஸில் உள்ள மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் தங்கும். 200 கிராம் சேர்ந்தாலே தராசில் 800 கிராம் ஏறிவிடும். மீ கோரெங்கின் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைக்கும், குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் நீர் கோத்துக்கொள்வது வழக்கம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டர் வியர்வை போகலாம், அதுவே ஒரு கிலோ. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும். ஒரு நாள் பிரியாணியால் அது நடக்காது.

அதனால் தினமும் நிறுத்துப் பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். காலையில் எழுந்து கழிவறை போய்வந்தபின், எதுவும் குடிக்கும் முன், அதே தராசு, வெறும் தரை. மிதியடி மேல் தராசை வைத்தால் எண் தவறும்.

ஒரு கணக்கு (திங்கள் முதல் ஞாயிறு வரை, கிலோவில்): முதல் வாரம் 51.1, 50.2, 50.6, 50.0, 50.4, 50.7, 50.5. சராசரி 50.5. அடுத்த வாரம் 50.9, 51.4, 50.3, 50.7, 50.8, 50.6, 50.9. சராசரி 50.8. முதல் திங்களையும் இரண்டாம் புதனையும் மட்டும் பார்த்தவர் 800 கிராம் இளைத்துவிட்டோம் என்று கவலைப்படுவார். உண்மையில் 300 கிராம் ஏறியிருக்கிறது, அதுவும் சரியான வேகத்தில். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரை கிலோ போதும்.

இரண்டு வாரமாகச் சராசரி அசையவில்லையா? அப்போது மட்டும் சாப்பாட்டைக் கூட்டுங்கள். 250 மில்லி கொழுப்பு நீக்காத பாலில் ஏறத்தாழ 160 கலோரி, இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெயில் 190. இரண்டையும் சேர்த்தாலே நாளுக்கு 350. தே தாரிக்கை இரண்டு கப் கூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதில் ஏறுவது பெரும்பாலும் சர்க்கரைதான். பலர் சறுக்குவது வார இறுதியில்: வேலை நாளில் உணவங்காடியில் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு எழுந்து காலை உணவையே விட்டுவிடுவார்கள். ஐந்து நாள் சேர்த்தது இரண்டு நாளில் கரையும்.

வாரம் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்குங்கள். 50 கிலோ உள்ளவர் நாளுக்கு 80 கிராம் வரை புரதம் எடுத்துக்கொண்டால் ஏறுவதில் தசையின் பங்கு கூடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் சராசரி வாரா வாரம் இறங்கினால், அல்லது ஓராண்டுக்குள் தானாகவே 5 விழுக்காடு குறைந்திருந்தால், பாலைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்தில் தைராய்டுக்கும் நீரிழிவுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எழுதிவைத்த வாரச் சராசரிகளையும் கொண்டுபோங்கள், மருத்துவருக்கு அது உதவும்.