ஈகா ஒண்ணு குடுங்க

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயம்பேட்டில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் "ஈகா ஒண்ணு" என்றுதான் கேட்பேன். ஈகா தியேட்டர் பேரில் உள்ள கீழ்ப்பாக்கம் ஸ்டாப் அது. கீழ்ப்பாக்கம் என்று வாயில் வராது. 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். பள்ளிக்கூடத்தில் நானே எத்தனை பேரைக் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கிண்டல் செய்திருக்கிறேன்! 26 வயதில் டாக்டர் பைபோலார், அதாவது அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய், என்றதும் அந்தக் கிண்டலை எனக்கு நானே சொல்ல ஆரம்பித்தேன். வெளியாள் யாரும் தேவைப்படவில்லை.

நான் ஏசி மெக்கானிக். மொட்டை மாடி வெயிலில் வேர்த்துக் கொட்டினால் அந்த நோய்க்கு நான் சாப்பிடும் லித்தியம் மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடலாம், தண்ணீர் பாட்டிலை விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட வரும் பையன் கேட்டதற்குக் கிட்னியில் கல் என்று சொல்லி வைத்திருந்தேன்.

குழு சிகிச்சைக்குப் போகச் சொன்னபோது இன்னும் பத்துப் பேருக்குத் தெரியப்போகிறதே என்றுதான் பயம். முதல் நாள் 29 வாக்கியங்கள் உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவு ஒத்துக்கொள்கிறோம் என்று டிக் அடிக்க வேண்டும். என்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. யோசிக்காமல் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' என்று அடித்தேன். தங்கையின் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிட்டு நேராக வந்திருந்தேன், ரசீது சட்டைப் பையிலேயே இருந்தது.

"தாழ்வு மனப்பான்மைதானே இது?" என்று ஒருவர் கேட்டார். "இல்லை, ஊர் சொல்வதை நாமே நம்பிவிடுவது" என்றார் சைக்காலஜிஸ்ட். இந்தக் குழு சிகிச்சை யானோஸ், ரோ, லைசேக்கர் என்ற மூன்று ஆய்வாளர்கள் உருவாக்கிய 20 வார முறையாம். நோயைப் பற்றிய ஆரம்பப் பாடங்களில் எனக்குக் கொட்டாவிதான். மூன்றாவது வாரம் மட்டம் போட்டேன்.

பிற்பாதியில்தான் சங்கதி இருந்தது. அவரவர் கதையை எழுதி வாசிக்க வேண்டும். அறையில் பேசியது வெளியே போகக்கூடாது என்பதால் மற்றவர்கள் கதையைச் சொல்ல மாட்டேன். குழுவில் இருந்த ஓர் அக்கா சொன்ன இந்த ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் ரெண்டு பக்கம் வாசித்து முடித்ததும், "ஆஸ்பத்திரி வருது, மாத்திரை வருது, நீ என்ன வேலை பாக்குறேன்னே வரலையேப்பா?" என்றார். காது சூடாகிவிட்டது. அடுத்த வாரம் மே மாதத்தில் ஒரே நாளில் ஏழு வீடு ஏறி இறங்கிய கதையை எழுதிப் போனேன். நோய் அதில் நாலு வரி.

எல்லாம் மாறிவிடவில்லை. கண்டக்டரிடம் இன்னும் ஈகாதான். ஆனால் போன மாதம் அண்ணா நகரில் ஒரு மாடியில் அவுட்டோர் யூனிட்டைக் கழுவும்போது பையனிடம் உண்மையைச் சொன்னேன். பைப்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"அப்ப கல்லு இல்லையா? ஒரு வருஷமா வாழைத்தண்டு ஜூஸ் வாங்கிக் குடுத்தேனேண்ணே!"