தகைவிலான் கணக்கு: ஒரு பருவம் எண்ணிப் பார்த்தது

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கினேன். வேலை எளிதுதான். வாரம் ஒரு நாள், விடிந்து அரை மணி நேரத்துக்குள், ஒரே மின்கம்பி வரிசையில், குளிர்காலத்துக்கு வலசை வரும் தகைவிலான் குருவிகள் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சுழியம் என்று எழுதி வைத்தேன். போன வருடம் 'முதலில் பார்த்த நாள்' மட்டும் குறித்திருந்தேன். குருவி அன்றுதான் வந்ததா, நான் அன்றுதான் அண்ணாந்து பார்த்தேனா என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. இந்த முறை மூன்றாம் வாரம் நான்கு வந்தபோது, அந்தச் சுழியங்கள்தான் நாளுக்கு ஓர் உறுதியைக் கொடுத்தன.

வந்தவற்றில் பலவற்றுக்கு வால் குட்டை, தொண்டையும் வெளிறிய செங்கல் நிறம். வேறு இனமோ என்று குழம்பினேன். அவை அந்த ஆண்டுக் குஞ்சுகள். குஞ்சுகள் மட்டுமல்ல, வளர்ந்த பறவைகளும் குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்தில்தான் இறகை மாற்றிக்கொள்கின்றன. பறந்தபடியே பூச்சி பிடிக்கும் பறவை இறகை மொத்தமாக உதிர்த்தால் பட்டினிதான். அதனால் ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் மாற்றுகிறது. டிசம்பரில் ஒன்று தாழ்ந்த கம்பியில் சிறகை விரித்துச் சோம்பல் முறித்தது. பைனாகுலரில் பார்த்தால் விழுந்த பல் போல நடுவில் ஓர் இடைவெளி. பழைய இறகுகள் நுனி தேய்ந்து பழுப்பாக இருந்தன, புதியவை கருநீலமாக மின்னின. வெகுநேரம் கண்ணை எடுக்கவே மனமில்லை.

ஜனவரியில் எழுதிய 140 தப்பு. பிட்டம் செம்பழுப்பாக இருக்கும் இன்னொரு வகைத் தகைவிலானையும் சேர்த்து எண்ணிவிட்டேன். அதற்கப்புறம் தொண்டையையும் பிட்டத்தையும் பார்க்காமல் எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மார்ச்சில் வாலின் இரு ஓரத்து இறகுகளும் கம்பி போல நீண்டுவிட்டன. எண்ணிக்கை 60, 85, 110 என்று ஏறி, அடுத்த வாரம் 12. வழிப்போக்குக் கூட்டங்கள் வந்து தங்கிக் கிளம்பியிருக்க வேண்டும். சுமார் 20 கிராம் எடைதான். 1911 மே மாதம் இங்கிலாந்தில் காலில் அடையாள வளையம் மாட்டிய ஒரு தகைவிலான் 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. அந்த 12-ஐயும் எண்ணும்போது அதுதான் நினைவில் ஓடியது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மறுபடி சுழியம். சரி, அடுத்த பருவத்தில் ஜூலை கடைசியிலேயே தொடங்கிவிடுவேன். மாலையில் நாணல் புதரில் அடையும் கூட்டத்தையும் எண்ண வேண்டும்.