வாசிக்க முடியாத டம்ப் கோப்புகள்

2024 மார்ச் 4, திங்கள்

சுன்னாகத்து மொத்த வியாபார நிலையமொன்றில் எங்கள் கணக்கு மென்பொருள் இடையிடையே நின்றுபோகிறது. அங்கிருந்து பென் ட்ரைவில் வந்த டம்ப் கோப்புகளில் (மென்பொருள் நின்ற கணத்தில் அதன் நினைவக நிலையைப் பதிபவை) சிலவற்றை, அவற்றை ஆராயும் கருவியான வின்டிபக் திறக்கவே மறுத்தது. திறந்தவற்றிலோ ஃபங்ஷன் (நிரலின் செயற்கூறு) பெயர்கள் எவையும் இன்றி வெறும் நினைவக முகவரிகளே நின்றன. இரண்டும் ஒரே கோளாறாகப் பதிவாகியிருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை: முதலாவதில் கோப்பே பழுது, இரண்டாவதில் கோப்பு நலமாக இருக்க முகவரிகளைப் பெயர்களுடன் இணைக்கும், அதற்குரிய பிடிபி கோப்பு கையில் இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

திறக்காதவற்றை, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தேன். இந்த டம்புகளின் வடிவமான மினிடம்ப் கோப்பு எதுவாயினும் எம், டி, எம், பி என்ற நான்கு எழுத்துக்களுடன்தான் தொடங்க வேண்டும். 32 பைட் கொண்ட அந்தத் தலைப்பில்தான் உள்ளடக்க அட்டவணை எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் உண்டு. இங்கே சில கோப்புகளின் அளவே சுழியம். ஏனையவற்றில் தலைப்பு இருக்க வேண்டிய இடம் முழுவதும் சுழியங்கள். கடைக் கணினியில் உள்ள மூலக் கோப்புகளின் ஹாஷ் மதிப்பும் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் அடையாளம்) எங்களிடம் உள்ளவற்றின் மதிப்பும் ஒத்துப்போவதால், பிரதி எடுக்கையில் பழுதாகவில்லை, எழுதப்படும்போதே முறிந்திருக்கின்றன.

எங்கள் மென்பொருள் தன் டம்பைத் தானே எழுதிக்கொள்கிறது. வேறொரு புரொசஸிலிருந்து (தனியாக இயங்கும் நிரலிலிருந்து) எழுதுவதே நல்லது என்று மைக்ரோசொப்ட் ஆவணம் கூறுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் ஃபங்ஷன் அழைப்புகளின் விபரங்கள் தங்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக்கின் வழமையான அளவு 1 மெகாபைட்; அது நிரம்பி வழிந்ததால் புரொசஸ் விழுகிறது என்றால், டம்பை எழுதும் பகுதிக்கு இயங்கவே இடமிராது.

மார்ச் 7, வியாழன்

மென்பொருள் தானே டம்ப் அறிக்கை எழுதினால், விண்டோஸே டம்பை எழுதும் வசதியான லோக்கல்டம்ப்ஸ் வேலை செய்யாது. ஆகவே அந்தப் பகுதியை நீக்கிய பதிப்பை நிறுவி, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில், டம்பின் வகையைக் குறிக்கும் டம்ப்டைப் மதிப்பை 2 ஆக்கினேன். இது மென்பொருளின் முழு நினைவகத்தையும் பதியும், அதாவது வாடிக்கையாளரின் கணக்கு விபரங்களும் கோப்பினுள் வரும் என்பதைக் கடை உரிமையாளருக்கு விளக்கிச் சம்மதம் பெற்ற பின்னரே செய்தேன். நாளை சிவராத்திரி.

மார்ச் 11, திங்கள்

முழுமையான டம்ப் கிடைத்தது. இந்தப் பதிப்பின் பிடிபி கோப்பைப் பத்திரப்படுத்தியிருந்ததால் பெயர்கள் அனைத்தும் தெரிந்தன. கணக்குத் தொகுதியின் மொத்தத்தைக் கூட்டும் ஃபங்ஷன் தன்னைத் தானே முடிவின்றி அழைத்து ஸ்டாக்கை நிரப்பியிருக்கிறது: கடையின் தரவில் ஒரு தொகுதிக்கு அதன் உட்தொகுதியே தாய்த்தொகுதியாகப் பதிவாகியிருந்தது.

பழைய டம்புகளில் பெயர்களை நம்பகமாகக் காண வழியில்லை. அதே மூலநிரலை மீண்டும் கம்பைல் செய்தாலும் புதிய பிடிபியின் அடையாள எண் மாறிவிடுவதால், வின்டிபக் வழமையாக அதைப் பொருத்தமானதென ஏற்காது. இனி ஒவ்வொரு வெளியீட்டின் பிடிபியும் நிறுவல் கோப்புடன் சேர்த்தே காப்பகத்தில் வைக்கப்படும்.