புளியமரத்துப் புள்ளி ஆந்தை

எங்கள் வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் சாயங்காலம் ஆனால் ஒரே கூச்சல். நாலைந்து பேர் சேர்ந்து சண்டை போடுகிற மாதிரி 'கிர்ர் கிர்ர் சிவ்வுக் சிவ்வுக்' என்று கத்தும். அம்மா விளக்கேற்றும் நேரத்தில் ஆந்தை அலறினால் ஆகாது என்பாள். நான் டார்ச்சை எடுக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பார்த்தேன்.

பொந்து வாசலில் இரண்டு ஆந்தைகள். மைனா அளவுதான், 21 சென்டிமீட்டர் இருக்கும். உருண்டைத் தலை, காதுமாதிரி நிற்கும் கொம்பு இறகு இல்லை. அதனால் கொம்புள்ள சிற்றாந்தை இல்லை என்று தெரிந்துவிட்டது. தலையில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி, கழுத்தில் பட்டை போல் வெள்ளை, மஞ்சள் கண். தலையிலும் முதுகிலும் நெருக்கமான குறுக்குக் கோடுகள் இருந்திருந்தால் காட்டுச் சிற்றாந்தை. சரி, இது புள்ளி ஆந்தையேதான்.

என்னைக் கண்டதும் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே முறைத்தது. ஆந்தையின் கண் குழியில் அசையாது. அதனால் கழுத்தைத்தான் ஆட்டி தூரத்தை அளக்கிறது.

மரத்தடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு உருண்டை கிடந்தது. செரிக்காததை ஆந்தை இப்படி உருண்டையாக வாய்வழியே கக்கிவிடும். குச்சியால் பிரித்தேன்: வண்டின் பளபளக்கும் இறக்கை ஓடு, எலி மயிர், நூல் போன்ற ஓர் எலும்பு. அம்மாவை அழைத்துக் காட்டினேன். அப்புறம், நெல் மூட்டையைக் கடிக்கிற எலியா என்று கேட்டாள்.

பொந்துள்ள அந்தக் கிளையை வெட்டச் சொல்லியிருந்த ஆளை மறுநாளே வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.