அரியர் தாளில் கண்ட மைனஸ் குறிகள்

பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு, காரைக்குடிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் மெக்கானிக்கல் டிப்ளமோ சேர்ந்த எனக்கு, முதல் பருவத்திலேயே பொறியியல் கணிதம் அரியர் விழுந்தது. தேர்ச்சிக்கு 40 தேவைப்பட்ட இடத்தில் 29தான் வந்திருந்தது. ஆங்கிலம் காலை வாரிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அப்போது நானும் அதைத்தான் நம்பினேன். பிளஸ் ஒன்னில் நிதானமாக நடத்தப்படும் அணிக்கோவையும் (எண்களைச் சதுரமாக அடுக்கி ஒரே மதிப்பாகச் சுருக்கும் கணக்கு), பிளஸ் டூவில் வரும் கலப்பெண்ணும் (மெய்யெண்ணும் கற்பனை எண்ணும் சேர்ந்தது) எங்களுக்குச் சில மாதங்களுக்குள், அதுவும் டிடர்மினன்ட், காம்ப்ளெக்ஸ் நம்பர் என்ற பெயர்களில் வந்து சேர்ந்ததால், அந்தச் சமாதானம் எடுபட்டது.

கணித ஆசிரியர்தான் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். நகல் வந்ததும், மதிப்பெண் குறைந்த ஒவ்வொரு இடத்திலும் காரணத்தைச் சிவப்பு மையில் எழுதிவரச் சொன்னார். கூச்சத்தோடு செய்த அந்த வேலைதான் என் கண்ணைத் திறந்தது. சூத்திரம் தெரியாமல் விட்ட கணக்குகள் இரண்டே இரண்டு. மூன்றுக்கு மூன்று அணிக்கோவையை முதல் நிரை வழியாக விரிக்கும்போது நடு உறுப்புக்கு முன்னால் வர வேண்டிய மைனஸ் குறியை இரண்டு கணக்குகளில் விட்டிருந்தேன். கழித்தல் நான்கைக் கழித்தால் கூட்டல் நான்கு என்பது ஓரிடத்தில் தவறியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தேன். "கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் இராமானுஜன் பெயரில் சென்னையில் கணித நிறுவனம் தொடங்கினார். நீ அந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு அரையை இப்படிக் கூட்டுகிறாயே தம்பி" என்று சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம், தங்கையின் ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கிப் பின்னத்தையும் கூட்டல், கழித்தல் குறியுள்ள எண்களையும் இயற்கணிதச் சுருக்கங்களையும் தினமும் காலையில் போட்டேன். டிப்ளமோ மாணவன் ஏழாம் வகுப்புக் கணக்குப் போடுவதை விடுதி நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர்களில் இருவர் பின்னர் அதே புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

கலப்பெண் மட்டும் பிடிபடாமல் இருந்தது. என் தந்தை ஆத்தங்குடிக் கல் எனும் பூப்போட்ட தரை ஓடு பதிப்பவர். பதினாறுக்கு இருபத்துநான்கு அடிக் கூடத்துக்கு எட்டு அங்குலக் கல் 864 வேண்டும் என்று தாளில்லாமலே சொல்லிவிடுவார். விடுமுறையில் அவருக்கு உதவியாகச் சென்றிருந்தபோது, மூலையில் கால் பூ உள்ள கல்லை நான்கு முறை திருப்பி வைத்து முழுப் பூ ஆக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூவின் நடுப்புள்ளியை ஆதியாக, அதாவது அளவு தொடங்கும் புள்ளியாகக் கொண்டால், முதல் கல்லின் மையம் வலப்பக்கம் நான்கு அங்குலம், மேலே நான்கு அங்குலம்; கலப்பெண்ணாக எழுதினால் 4+4i (i என்பது தன்னைத்தானே பெருக்கினால் −1 ஆகும் கற்பனை எண்); அதை i-ஆல் பெருக்கினால் −4+4i, அதாவது தொண்ணூறு பாகை திரும்பிய அடுத்த கல்லின் மையம். இன்னும் மூன்று முறை பெருக்கினால் புறப்பட்ட கல்லுக்கே வந்துவிடலாம். மட்டு, அதாவது ஆதியிலிருந்து உள்ள தூரம், கல்லின் மூலைவிட்டத்தில் பாதி, ஐந்தரை அங்குலத்துக்குச் சற்று மேல். வீச்சு, அதாவது கிடைக்கோட்டோடு அமையும் கோணம், 45 பாகை. சுண்ணாம்புக் கோடு போடும் கட்டியால் தரையிலேயே எழுதிப் பார்த்தேன். "கல்லை அழுக்காக்காதேடா" என்று அப்பா அதட்டினார். கலப்பெண்ணின் அடுக்கைக் கண்டுபிடிக்கும் டி மாய்வர் தேற்றத்தில் கோணம் ஏன் பெருகுகிறது என்பது அந்தத் தரையில்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த பருவத்தில் அரியர் தாளையும் இரண்டாம் கணிதத் தாளையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. தேர்வறையில் ஒவ்வொரு கணக்கையும் முடித்ததும் மைனஸ் குறிகளை மட்டும் தனியாக ஒருமுறை பென்சிலால் தொட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் கால் மணி அதற்கே போனது. ஒரு கணக்கை முடிக்க நேரமில்லாமல் விட்டேன். அரியரில் 58, இரண்டாம் தாளில் 47. சிவப்பு மை போட்ட நகலைச் சார் கேட்டு வாங்கிக்கொண்டார், அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். பெயரை மட்டும் அடித்துவிட்டுக் கொடுத்தேன்.